வெளிநாட்டு மருந்தை வரவழைக்க இரு வாசல்கள்: அனுமதி வேறு, வரிவிலக்கு வேறு

கோலார் தங்கவயல்: இந்தியாவில் விற்பனைக்கு வராத மருந்து ஒன்றை மருத்துவர் பரிந்துரைத்தால், அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நோயாளியின் குடும்பத்தினர் இரண்டு தனித்தனிச் சட்டங்களுக்கு உட்பட வேண்டியிருக்கிறது. ஒன்று, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம். மற்றொன்று, 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். அந்த மருந்து நாட்டுக்குள் வரலாமா என்பதை முதலாவது சட்டம் தீர்மானிக்கிறது. வரும் மருந்துக்கு எவ்வளவு வரி, எந்த ஆவணங்களின் பேரில் அது விடுவிக்கப்படும் என்பதை இரண்டாவது சட்டம் தீர்மானிக்கிறது.

உயிர் காக்கும் மருந்துகளுக்கு வரிவிலக்கு என்ற அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம், இனி அம்மருந்தைத் தடையின்றி வரவழைத்துக்கொள்ளலாம் என்று பலர் கருதுகின்றனர். அது சரியல்ல. வரிவிலக்கு பெற்ற மருந்துக்கும் இறக்குமதி அனுமதி தேவை. அதேபோல், இறக்குமதி அனுமதி கிடைத்த மருந்துக்கு வரிவிலக்கு தானாகக் கிடைத்துவிடுவதில்லை. இவ்விரண்டில் ஒன்று மட்டும் கையில் இருக்கும் நிலையில் மருந்துப் பெட்டி விமான நிலையத்தை வந்தடைந்தால், அது சரக்குக் கிடங்கிலேயே காத்திருக்க நேரிடும்.

நான்கு அலுவலகங்கள், நான்கு ஊர்கள்

தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயல், பெங்களூருவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இங்குள்ள தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சுரங்க நிறுவனம் இயங்கிய காலத்தில் தொழிலாளர் குடும்பங்களின் சிகிச்சையை நிறுவனத்தின் மருத்துவமனை கவனித்துக்கொண்டது. இன்று அரிய நோய்க்கோ புற்றுநோய்க்கோ உயர் சிகிச்சை தேவைப்படுவோர் பெங்களூருவையே நாடுகின்றனர். மருந்துக்கான ஆவணங்களைத் திரட்டும் பொறுப்பும் குடும்பத்தினர் மீதே விழுகிறது.

ராபர்ட்சன்பேட்டையில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், நோயை உறுதிசெய்து மருந்துச் சீட்டு எழுதும் சிறப்பு மருத்துவர் பெங்களூருவில் இருப்பார். வரிவிலக்குக்குத் தேவையான சான்றிதழில் கையெழுத்திடும் மாவட்ட மருத்துவ அதிகாரி மாவட்டத் தலைநகரான கோலாரில் இருப்பார். இறக்குமதி அனுமதியை வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகம் புதுடெல்லியில் உள்ளது. மருந்தை விடுவிக்கும் சுங்க அதிகாரி தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்திலோ சென்னையிலோ இருப்பார். இந்த நால்வரின் தாள்களும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் மருந்து வீடு வந்து சேரும்.

மருந்துகளை எந்த வழியாக வேண்டுமானாலும் நாட்டுக்குள் கொண்டுவந்துவிட முடியாது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 43-ஏ விதி, வணிக முறையிலான மருந்து இறக்குமதிக்கு உரிய துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் பெயர் குறிப்பிட்டுப் பட்டியலிடுகிறது. தங்கவயல் வட்டாரத்துக்கு அருகில் பெங்களூரு விமான நிலையமும், சென்னையின் விமான நிலையமும் துறைமுகமும் அப்பட்டியலில் உள்ளன.

கட்டுப்பாடு ஏன் வந்தது?

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் விற்கப்பட்ட நவீன மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வந்தவை. அவற்றின் தரத்தைச் சோதிக்க நாடு தழுவிய சட்டம் எதுவும் இல்லை. மலேரியாவுக்கான குவினைன் உள்ளிட்ட மருந்துகளில் கலப்படம் நடப்பதாகப் புகார்கள் பெருகியதைத் தொடர்ந்து, கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு 1930-இல் அமைக்கப்பட்டது. அக்குழு 1931-இல் அறிக்கை அளித்தது.

அதன் பின்னர் 1937-இல் இறக்குமதி மருந்துகளை மட்டும் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. உள்நாட்டில் தயாராகும் மருந்துகளையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும் என்ற கருத்து வலுத்ததால், விரிவான சட்டம் 1940-இல் நிறைவேறியது. நாட்டின் மருந்துச் சட்டத்துக்கு இறக்குமதிக் கட்டுப்பாடே தொடக்கப் புள்ளி என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

இச்சட்டத்தின் 10-ஆவது பிரிவு, தரமற்ற மருந்து, போலி மருந்து, கலப்பட மருந்து, தவறான பெயரிடப்பட்ட மருந்து, உரிமம் தேவைப்பட்டும் அதைப் பெறாத மருந்து ஆகியவற்றின் இறக்குமதியைத் தடை செய்கிறது. பொதுநலன் கருதி எந்த மருந்தின் இறக்குமதியையும் தடை செய்யும் அதிகாரத்தை 10-ஏ பிரிவு மத்திய அரசுக்கு அளிக்கிறது. சந்தேகத்துக்குரிய மருந்துப் பெட்டிகளைத் தடுத்து வைக்கும் அதிகாரம் 11-ஆவது பிரிவின்கீழ் சுங்க அதிகாரிகளுக்கு உண்டு.

நிறுவனங்கள் இறக்குமதி செய்யும் முறை

மருந்துக் கடைக்கு வரும் வெளிநாட்டு மருந்து இரண்டு கட்டங்களைத் தாண்டி வருகிறது. முதலில், வெளிநாட்டுத் தயாரிப்பாளர் தமது தொழிற்சாலையையும் மருந்தையும் இந்தியாவில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அவரோ, இந்தியாவில் அவர் நியமித்த முகவரோ படிவம் 40-இல் விண்ணப்பிப்பார். பதிவுச் சான்றிதழ் படிவம் 41-இல் வழங்கப்படும். முழுமையான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் முடிவெடுக்க விதி வகை செய்கிறது.

அடுத்து, இந்திய இறக்குமதியாளர் படிவம் 8, படிவம் 9 ஆகியவற்றின் மூலம் விண்ணப்பித்து, படிவம் 10-இல் இறக்குமதி உரிமம் பெற வேண்டும். பதிவுச் சான்றிதழ், உரிமம் இரண்டும் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மருந்து இந்தியாவுக்குப் புதியது என்றால், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்கீழ் தனி ஒப்புதலும் தேவைப்படும்.

இந்தப் புதிய மருந்து ஒப்புதலில்தான் அதிக காலம் செலவாகிறது. அதைக் குறைக்கும் நோக்கில், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற சில வகை மருந்துகளுக்கு உள்நாட்டு மருத்துவப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கும் உத்தரவு 2024 ஆகஸ்டில் வெளியானது. அரிய நோய்களுக்கான மருந்துகளும் மரபணு சிகிச்சை மருந்துகளும் அந்த வகைகளில் அடங்கும்.

வணிக இறக்குமதியில் மற்றொரு முக்கிய நிபந்தனையும் உண்டு. இறக்குமதி ஆகும் நாளில் மருந்தின் மொத்த ஆயுட்காலத்தில் குறைந்தது 60 சதவீதம் மீதமிருக்க வேண்டும் என்று 31-ஆவது விதி கூறுகிறது. விதிவிலக்கான சூழ்நிலைகளில், காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு இந்த வரம்பைத் தளர்த்த உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் உள்ளது. காலாவதியை நெருங்கும் சரக்கை வளரும் நாடுகளில் கொண்டுவந்து தள்ளுவதைத் தடுக்க இந்த நிபந்தனை உதவுகிறது.

ஒரு நிறுவனம் இந்த வழியில் மருந்தைக் கொண்டுவந்துவிட்டால், நோயாளி தனியாக அனுமதி தேட வேண்டியதில்லை. முதுகுத் தண்டுவடத் தசைநார் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து 2021 ஜூலையில் இவ்வாறு இந்தியச் சந்தைக்கு வந்தது.

தனிநபருக்கு உள்ள வழி

மருந்து இந்தியாவில் பதிவாகவே இல்லை என்றால் என்ன செய்வது? இதற்கான விடை மருந்து விதிகளின் 36-ஆவது விதியில் உள்ளது. சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவில் மருந்து கொண்டுவருவதை அது இரண்டு முறைகளில் அனுமதிக்கிறது.

முதலாவது, பயணியின் உடைமையோடு வரும் மருந்து. அது பயணியின் சொந்த மருந்தாகவும் அவரது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமானதாகவும் இருக்க வேண்டும். சுங்க அதிகாரிகள் கேட்டால் அதை அறிவிக்க வேண்டும். எந்த ஒரு மருந்தும் 100 சராசரி வேளை அளவுக்கு மேற்படக் கூடாது. கூடுதலாகத் தேவைப்பட்டால், உரிமம் வழங்கும் அதிகாரியின் தனி அனுமதியைப் பெற வேண்டும்.

இரண்டாவது, கூரியர், அஞ்சல் அல்லது விமானச் சரக்கு மூலம் தனியாக வரும் மருந்து. இதற்குப் படிவம் 12-ஏ மூலம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். மருந்து உண்மையிலேயே சொந்தப் பயன்பாட்டுக்கானதா, கேட்கப்படும் அளவு நியாயமானதா, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு உள்ளதா என்பவை பார்க்கப்படும். அதிகாரி நிறைவடைந்தால் படிவம் 12-பி என்ற அனுமதிச் சீட்டு வழங்கப்படும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நடைமுறையில் பெரிது. சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் உறவினர், தங்கவயலில் உள்ள தாயாருக்காகக் கூரியரில் மருந்து அனுப்பினால், அது பயணியின் உடைமை ஆகாது. தாயாரின் பெயரில் 12-பி அனுமதி இருக்க வேண்டும். உறவினர் தாமே பயணம் செய்து கையில் எடுத்துவந்தாலும், மருந்து அவருடைய சொந்தப் பயன்பாட்டுக்கானது அல்ல என்பதால், முன்கூட்டியே அனுமதி பெறுவதே பாதுகாப்பானது.

வலி நிவாரணத்துக்கும் மனநலச் சிகிச்சைக்கும் பயன்படும் சில மருந்துகள் போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985-இன் வரம்புக்குள் வருகின்றன. அவற்றுக்கு 12-பி அனுமதி மட்டும் போதாது. குவாலியரில் இயங்கும் மத்திய போதைப் பொருள் ஆணையரகத்தின் விதிமுறைகளும் பொருந்தும். வெளிநாட்டில் மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக இத்தகைய மருந்துகளை உறவினரிடம் சொல்லி வரவழைப்பது குற்ற வழக்கில் முடியக்கூடும்.

மருத்துவமனை வழியாகவும் பெறலாம்

உயிருக்கு ஆபத்தான நோய்க்கு உள்நாட்டில் தகுந்த மருந்து இல்லாதபோது, வேறு நாட்டில் ஒப்புதல் பெற்ற, இந்தியாவில் இன்னும் ஒப்புதல் பெறாத புதிய மருந்தை அரசு மருத்துவமனையும் அரசு மருத்துவக் கல்வி நிறுவனமும் தமது நோயாளிக்காக இறக்குமதி செய்யலாம். இதற்கு 2019-ஆம் ஆண்டின் விதிகளின்கீழ் சிடி-24 படிவத்தில் விண்ணப்பித்து, சிடி-25 படிவத்தில் உரிமம் பெற வேண்டும். இங்கும் ஒரு நோயாளிக்கு 100 சராசரி வேளை அளவு என்பதே வரம்பு.

படிவங்களை நிரப்பும் சுமை குடும்பத்தின் தோளிலிருந்து மருத்துவமனைக்கு மாறுவது இந்த வழியின் நன்மையாகும். எனவே அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர், தனிநபர் விண்ணப்பத்தில் இறங்கும் முன் இவ்வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வெளியானது. அதன்கீழ், அறிவிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்களில் பதிவு செய்துகொள்ளும் நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை நிதியுதவி வழங்க வகை செய்யப்பட்டுள்ளது. கர்நாடகத்தில் பெங்களூருவின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் இணைந்து அத்தகைய மையமாகச் செயல்படுகின்றன.

ஒரு குழந்தைக்கு ஓர் உத்தரவு

இரண்டாவது வாசலான வரிக்கு வருவோம். இதன் சுமையை நாடு முழுவதும் அறியச் செய்தவை 2021-ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகள். முதுகுத் தண்டுவடத் தசைநார் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட மும்பைக் குழந்தை ஒன்றுக்கு ஸோல்ஜென்ஸ்மா என்ற மரபணு சிகிச்சை மருந்து தேவைப்பட்டது. ஒரே ஒரு முறை செலுத்தப்படும் அம்மருந்தின் விலை சுமார் ரூ.16 கோடி. பொதுமக்களின் நன்கொடையால் அந்தத் தொகை திரட்டப்பட்டபோதும், அதற்குமேல் சுமார் ரூ.6 கோடி வரியாகச் செலுத்த வேண்டியிருக்கும் என்று அப்போது செய்திகள் வெளியாயின. அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு அந்த வரியைத் தள்ளுபடி செய்தது.

சில மாதங்களில் அதே நிலை தமிழகத்திலும் ஏற்பட்டது. நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தைச் சேர்ந்த, அதே நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைக்காகவும் நன்கொடை திரட்டப்பட்டது. 2021 ஜூலையில் அந்த மருந்துக்கும் வரி தள்ளுபடி செய்யப்பட்டது.

இரு குடும்பங்களுக்கும் நிம்மதி கிடைத்தாலும் நடைமுறையில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக மனு, தனித்தனியாகப் பரிந்துரை, தனித்தனியாக உத்தரவு தேவைப்பட்டது. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2019-இல் அளிக்கப்பட்ட ஒப்புதல், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகரும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வயதில் கூடிக்கொண்டே போகும்.

தனி உத்தரவுகளின் இடத்தில் பொது விலக்கு படிப்படியாக வந்தது. 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் நடைபெற்ற ஜிஎஸ்டி கவுன்சிலின் 45-ஆவது கூட்டம், சொந்தப் பயன்பாட்டுக்காக இறக்குமதியாகும் ஸோல்ஜென்ஸ்மா, வில்டெப்சோ ஆகிய மருந்துகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல், தேசியக் கொள்கையில் பட்டியலிடப்பட்ட அனைத்து அரிய நோய்களுக்கும் சொந்தப் பயன்பாட்டுக்காக வரவழைக்கப்படும் மருந்துகளும் சிறப்பு மருத்துவ உணவுகளும் அடிப்படைச் சுங்க வரியிலிருந்து முழுமையாக விலக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அவற்றுக்கு ஜிஎஸ்டி விலக்கையும் பரிந்துரைத்தது.

இந்த விலக்கின் தேவையை விளக்கியபோது மத்திய அரசு ஒரு கணக்கைத் தெரிவித்தது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களின் சிகிச்சைச் செலவு ஆண்டுக்கு ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடிக்கு மேல் வரை ஆகலாம். சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. குழந்தையின் எடை கூடக் கூட மருந்தின் அளவும் செலவும் கூடும்.

விலக்கு இல்லையென்றால் எவ்வளவு?

ஒரு மருந்தின் விலை, விமானக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்த மதிப்பு ரூ.10 லட்சம் என்று கொள்வோம். பொது விகிதப்படி அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம், அதாவது ரூ.1 லட்சம். அந்த வரியின் மீது சமூக நல கூடுதல் வரி 10 சதவீதம், அதாவது ரூ.10,000. இவற்றைச் சேர்த்த ரூ.11.10 லட்சத்தின் மீது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி கணக்கிடப்படும். 12 சதவீதம் இருந்த காலத்தில் அது ரூ.1,33,200 ஆகி, மொத்த வரி ரூ.2,43,200 ஆக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்குப் பொதுவாக 5 சதவீதம் என்றானதால் அது ரூ.55,500 ஆகவும், மொத்த வரி ரூ.1,65,500 ஆகவும் குறைந்தது.

சுங்க வரி விலக்கு மட்டும் கிடைத்து, ஜிஎஸ்டி விலக்கு கிடைக்காத மருந்து என்றால் ரூ.50,000 செலுத்த வேண்டும். இரண்டிலும் விலக்கு பெற்ற மருந்துக்கு வரி எதுவும் இல்லை. ஆகவே, 'வரிவிலக்கு' என்ற செய்தியைப் படிப்போர் அது எந்த வரிக்கான விலக்கு என்று பார்ப்பது அவசியம்.

புற்றுநோய் மருந்துகளிலும் மாற்றங்கள் வந்துள்ளன. டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், ஓசிமெர்டினிப், துர்வாலுமாப் ஆகிய மூன்று மருந்துகளுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. புற்றுநோய், அரிய நோய்கள், நாள்பட்ட கடும் நோய்கள் ஆகியவற்றுக்கான மேலும் 36 மருந்துகள் 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் முழு விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆறு மருந்துகளுக்கு 5 சதவீதச் சலுகை வரி அறிவிக்கப்பட்டது.

விலக்குகள் அனைத்தும் பட்டியலைச் சார்ந்தவை. நோயின் கடுமை மட்டும் அளவுகோல் அல்ல. தங்கவயலின் பெயரோடு இணைந்த சிலிக்கோசிஸ் நோயை இதற்குச் சான்றாகக் கூறலாம். பாறைத் துகள்களைச் சுவாசிப்பதால் வரும் இந்த நுரையீரல் நோய் கோலார் சுரங்கத் தொழிலாளரிடையே 1947-இல் ஆய்வு ரீதியாகப் பதிவானது. நுரையீரலை மீளமுடியாமல் பாதிக்கும் நோயாயினும், அது தொழில்சார் நோய் என்பதால் அரிய நோய்ப் பட்டியலில் இல்லை. அத்தகைய நோயாளிக்கு எழுதப்படும் மருந்து, வேறு ஏதேனும் விலக்குப் பட்டியலில் பெயர் பெற்றிருந்தால் மட்டுமே சலுகை பெறும்.

விமான நிலையத்தில் நடப்பது என்ன?

மருந்துப் பெட்டி வந்ததும், பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதிப் பத்திரம் சுங்கத் துறையின் இணையத் தளத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. பெரும்பாலும் சுங்க முகவர் ஒருவர் இதைச் செய்வார். சரக்கு வருவதற்கு முன்பே இப்பத்திரத்தைத் தாக்கல் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காக வரவழைப்போருக்கு, வணிகர்களுக்கு உரிய ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் தேவையில்லை.

பத்திரத்தில் உள்ள பொருள் மருந்து என்றால், அது சுங்கத் துறையிலிருந்து அங்குள்ள உதவி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பார்வைக்குச் செல்கிறது. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஒற்றைச் சாளர முறையால் இந்தப் பரிமாற்றம் இணையவழியில் நடைபெறுகிறது. அவர் அனுமதியையும் பெட்டியின் மேலுறை விவரங்களையும் ஒப்பிட்டு, ஆட்சேபம் இல்லை என்று தெரிவிப்பார். தேவையெனக் கருதினால் மாதிரி எடுத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்புவார். அதன் பிறகே சுங்க அதிகாரி வரியைக் கணக்கிட்டு, விலக்குச் சான்றிதழைச் சரிபார்த்து, சரக்கை விடுவிப்பார்.

பெரும்பாலான தாமதங்கள் இந்த ஒப்பீட்டின்போதே எழுகின்றன. அனுமதிச் சீட்டில் மருந்தின் மூலப் பெயரும் விலைப்பட்டியலில் வணிகப் பெயரும் இருக்கலாம். நோயாளியின் பெயர் ஒரு தாளில் தந்தை பெயருடனும் மற்றொன்றில் முதலெழுத்துடனும் இருக்கலாம். அனுமதிக்கப்பட்டதைவிடக் குப்பிகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். இவற்றில் எது நேர்ந்தாலும் விளக்கம் கேட்கப்படும்.

சாதாரணச் சரக்குக்கு ஓரிரு நாள் தாமதம் வாடகைச் செலவோடு முடியும். குளிர்நிலையில் வைக்க வேண்டிய மருந்துக்கு அப்படியல்ல. ஸோல்ஜென்ஸ்மா உறைந்த நிலையில் அனுப்பப்பட்டு, வந்து சேர்ந்ததும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்பட்டு, 14 நாள்களுக்குள் செலுத்தப்பட வேண்டியது. வெள்ளிக்கிழமை மாலை வந்திறங்கும் பெட்டியின் தாளில் பிழை இருந்தால், வார இறுதியும் அந்த 14 நாள்களில் சேர்ந்து கழியக்கூடும்.

சரக்கு இறக்கப்பட்ட 30 நாள்களுக்குள் விடுவிக்கப்படாவிட்டால், உரிய அறிவிப்புக்குப் பின் அதை விற்றுவிட சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு இடமளிக்கிறது. எந்த நாளில் நடப்பில் இருக்கும் வரி விகிதம் பொருந்தும் என்பதையும் கவனிக்க வேண்டும். மருந்துக்குப் பணம் கட்டிய நாளின் விகிதம் பொருந்தாது. பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகும் நாளின் விகிதமே பொதுவாகப் பொருந்தும். முன்கூட்டியே தாக்கல் செய்தால் விமானம் வந்துசேரும் நாள் கணக்கில் கொள்ளப்படும்.

குறுக்கு வழியின் ஆபத்து

நடைமுறை நீளமாக இருப்பதால், அனுமதியின்றிக் கொண்டுவரப்பட்ட மருந்தை இடைத்தரகரிடம் வாங்க முனைவோரும் உள்ளனர். விலை உயர்ந்த இறக்குமதி மருந்துகளே போலிகளுக்கும் இலக்காகின்றன. புற்றுநோய்க்கான அட்செட்ரிஸ் ஊசி மருந்தின் போலிகள் இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு தெரிவித்ததை அடுத்து, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 செப்டம்பரில் மாநிலங்களை எச்சரித்தார். பயன்படுத்தப்பட்ட புற்றுநோய் மருந்துக் குப்பிகளில் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை நிரப்பி விற்றதாக ஒரு கும்பலை டெல்லி காவல்துறை 2024 மார்ச்சில் கைது செய்தது.

கட்டுப்பாடு தளர்ந்தால் ஒரு நாடே பாதிக்கப்படலாம் என்பதற்கு இலங்கை அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அங்கு அவசரக் கொள்முதல்கள் நடைபெற்றன. போலி ஆவணங்களின் பேரில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டில், முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல்ல 2024 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

வணிக முறையில் முறைப்படி இறக்குமதியான மருந்தின் மேலுறையில் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மருந்து வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியவை இவையே. இவை இல்லாத வெளிநாட்டு மருந்துக்கு ரசீதும் தரப்படவில்லை என்றால், அதை வாங்காமல் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தெரிவிக்கலாம்.

எந்த வரிசையில் தொடங்குவது?

முதலில், மருந்து இந்தியாவில் பதிவாகியுள்ளதா என்பதை மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் உறுதி செய்ய வேண்டும். பதிவாகியிருந்தால், உள்நாட்டு விநியோகஸ்தர் மூலம் பெறுவதே எளிது. சில நிறுவனங்கள் நடத்தும் நோயாளி உதவித் திட்டங்களின்கீழ் இலவசமாக வழங்கப்படும் மருந்துகளுக்கும் சுங்க வரி விலக்கு உண்டு.

பதிவாகவில்லை என்றால், மருந்துச் சீட்டில் மூலப் பெயர், வணிகப் பெயர், வலிமை, வேளை அளவு, சிகிச்சைக் காலம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். பின்னர் வரும் எல்லாத் தாள்களும் இந்தச் சீட்டையே அடிப்படையாகக் கொள்கின்றன. அடுத்து, படிவம் 12-ஏ விண்ணப்பத்தை நோயாளியின் அடையாள ஆவணத்தில் உள்ள அதே பெயரில் அளிக்க வேண்டும்.

அனுமதிக்காகக் காத்திருக்கும் நாள்களிலேயே வரிவிலக்குச் சான்றிதழுக்கான பணியைத் தொடங்கிவிடலாம். மத்திய அல்லது மாநில சுகாதாரப் பணிகள் இயக்குநர், மாவட்ட மருத்துவ அதிகாரி, மாவட்ட சிவில் சர்ஜன் ஆகியோரில் ஒருவரிடமிருந்து இதைப் பெறலாம். தங்கவயல் குடும்பத்தினர் இதற்காகப் பெங்களூரு வரை செல்ல வேண்டியதில்லை. கோலாரில் உள்ள மாவட்ட அதிகாரியின் கையெழுத்தே போதும்.

12-பி அனுமதி, விலக்குச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, விலைப்பட்டியல் ஆகிய நான்கும் கைக்கு வந்து, அவற்றில் உள்ள பெயரும் அளவும் ஒத்திருப்பதைச் சரிபார்த்த பின்னரே, மருந்தை அனுப்புமாறு வெளிநாட்டு விற்பனையாளரிடம் கூற வேண்டும். விலக்குப் பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், சரக்கு புறப்படும் முன் நடப்பில் உள்ள அறிவிப்பைச் சுங்க முகவரிடம் மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம். வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும் நோயாளிகள், கையிருப்பு தீரும் வரை காத்திராமல் அடுத்த அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தால் சிகிச்சை இடையில் தடைபடாது.